வல்லூறு வளர்த்த பேரரசர்: தென் இத்தாலிப் பயணக் குறிப்புகள்

திங்கள், பலெர்மோ

பலெர்மோ பேராலயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கூரைமேல் ஏறி நகரைப் பார்க்கவே வரிசையில் நிற்கிறார்கள். அரசர்களின் கல்லறைகள் உள்ளே ஒரு மூலையில் இருக்கின்றன. அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கருஞ்சிவப்புப் போர்ஃபிரிக் கல்லில் குடைந்த பெரிய பெட்டி, அதைத் தாங்கும் கல் சிங்கங்கள், மேலே தூண்கள் சுமக்கும் விதானம். கீழே யாரோ பூங்கொத்து வைத்திருந்தார்கள். இறந்து 770 ஆண்டுகளுக்கு மேலான ஒருவருக்கு இன்றும் பூ வருகிறது. இங்கே வேறு எந்த மன்னரின் கல்லறையிலும் நான் பூவைக் காணவில்லை.

உள்ளே கிடப்பவர் இரண்டாம் பிரெடரிக். 1194இல் பிறந்து 1250இல் இறந்தவர். தந்தை வழியில் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவின் பேரன், தாய் வழியில் சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் பேரன். மூன்று வயதில் சிசிலியின் மன்னர், 25 வயதில் புனித ரோமானியப் பேரரசர், பிறகு ஜெருசலேமின் மன்னர். உலகின் வியப்பு என்று அவரை எழுதிவைத்தார் ஆங்கிலேயத் துறவி மேத்யூ பாரிஸ். போப்பாண்டவரின் தரப்போ அவரை அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்றது.

இந்தக் கல்லறைப் பெட்டியை அவரே தேர்ந்தெடுத்தார். பாட்டனார் ரோஜர் செஃபலூ பேராலயத்துக்காகச் செய்துவைத்திருந்த இரண்டு பெட்டிகளை 1215இல் பலெர்மோவுக்குக் கொண்டுவரச் செய்தார். ஒன்று தந்தைக்கு, மற்றொன்று தனக்கு. அப்போது அவருக்கு வயது 20. போர்ஃபிரி என்பது ரோமானியப் பேரரசர்களுக்கு உரிய கல். எந்த வரிசையில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த இளைஞர் அந்த வயதிலேயே முடிவுசெய்துவிட்டார்.

1781இல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அவரோடு இன்னும் இரண்டு உடல்கள் இருந்தன. பிரெடரிக்கின் உடலில் இருந்த ஆடையில் அரபு எழுத்துகள் தங்க இழையால் பின்னப்பட்டிருந்தன. கிறிஸ்தவ உலகின் பேரரசரை அரபு எழுத்துள்ள ஆடையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்காரர்களின் இனத்தைச் சிசிலியிலிருந்து வேரோடு பெயர்த்தவரும் இவரே. ஒரே மனத்தில் இந்த இரண்டும் எப்படி இருந்தன என்ற கேள்வியோடுதான் இந்தப் பயணம் வந்திருக்கிறேன்.

செவ்வாய், பலெர்மோ

காலையிலேயே நார்மன் அரண்மனைக்குப் போய்விட்டேன். ரோஜர் கட்டிய அரண்மனைச் சிற்றாலயத்தைப் பார்க்க அவசரமாகப் போவது வீண். சுவர்களில் கிரேக்கக் கைவினைஞர்களின் பொன் மொசைக். தலைக்கு மேல், தேன்கூடு அடுக்கியது போன்ற மரக் கூரை, இஸ்லாமியக் கலைஞர்களின் வேலை. சதுரங்கம், விருந்து, இசைக்கருவி, ஒட்டகம் என அரசவை வாழ்க்கையை அதில் தீட்டியிருக்கிறார்கள். தரை முழுவதும் பளிங்குக் கோலம். அருகில் சுவரில் பதித்த ஒரு கல், 1142இல் செய்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் சொல்கிறது.

பிரெடரிக் வளர்ந்த வீடு இது. தந்தை 1197இல் இறந்தார். மறு ஆண்டு மே மாதம் தாய் கான்ஸ்டன்ஸ் மகனுக்கு இங்கே முடிசூட்டினார். நவம்பரில் அவரும் இறந்துபோனார். நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளை, காப்பாளர் பொறுப்பு ரோமில் இருந்த போப் மூன்றாம் இன்னசென்ட்டிடம். அரண்மனையைக் கைப்பற்றியவர்கள் எல்லோரும் பிள்ளையையும் கைப்பற்றினார்கள், ஏனென்றால் பிள்ளைதான் முத்திரை.

1201இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியத் தளபதியின் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஒளித்துவைத்த இடத்தைக் காவலர் காட்டிக்கொடுத்துவிட்டார். பிடிக்க வந்தவன்மேல் பாய்ந்த அந்தச் சிறுவன், எதுவும் பலிக்காது என்று தெரிந்ததும் தன் அரச ஆடையைக் கிழித்து, தன் சதையையே நகத்தால் கீறிக்கொண்டானாம். போப்புக்குப் போன ஒரு கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை. என்னை யாரும் தொடக் கூடாது என்று சொல்ல அவனிடம் வேறு மொழி இல்லை.

பசித்த சிறுவனாகப் பலெர்மோவின் சந்தைகளில் திரிந்தான், ஊர்க்காரர்கள் முறைவைத்துச் சோறு போட்டார்கள், அங்கேதான் அரபு கற்றான் என்றெல்லாம் கதைகள் உண்டு. பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் பல்லாரோ சந்தைத் தெருவில் மாலையில் நடந்தபோது எனக்கு அந்தக் கதைமேல் கோபம் வரவில்லை. நான்கு பக்கமும் நான்கு மொழி ஒலிக்கும் ஊரில் தாயில்லாத பிள்ளை வளர்ந்தான் என்பது மட்டும் உண்மை.

புதன், பாரி

ஒரு மணி நேர விமானம், பிறகு மழை. பாரி கோட்டை நார்மன்கள் கட்டியது, பிரெடரிக் 1233 முதல் திரும்ப எழுப்பியது, அதற்கு மேல் பிற்கால அரசர்கள் சுவர் சுற்றியது. நுழைவாயிலில் ஏகாதிபத்தியக் கழுகு முயலைக் கவ்வி நிற்கிறது. வேறு சொல்ல அதிகம் இல்லை. கால் வலியோடு சீக்கிரம் படுத்துவிட்டேன்.

வியாழன், கஸ்தெல் தெல் மோன்தே

ஆந்த்ரியாவிலிருந்து வாடகைக் காரில் வந்தால், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே மொட்டைக் குன்றின் உச்சியில் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. கடைசித் தொலைவை நடந்தே ஏறினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர். காற்று ஆளைத் தள்ளியது.

எண்கோணக் கட்டடம். எட்டு மூலைகளிலும் எட்டுக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் எண்கோணம். நடுவில் எண்கோண முற்றம். கீழ்த்தளத்தில் எட்டு அறைகள், மேல்தளத்தில் எட்டு அறைகள். அகழி இல்லை. கோட்டை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. இத்தாலியின் ஒரு சென்ட் நாணயத்தில் இருப்பது இதுதான். 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இதன் கட்டுமானம் தொடர்பாக 1240 ஜனவரியில் பேரரசர் அனுப்பிய ஒரு கட்டளை கிடைத்திருக்கிறது. மற்றபடி இது எதற்காக என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் புனிதக் கிண்ணம், நட்சத்திரக் கணிதம், இரகசியச் சங்கம் என்று என்னென்னவோ கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள். வழிகாட்டி ஒருவர் சுற்றுலாக் கூட்டத்துக்கு அதையே கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் நாட்டமில்லை. அறைகளில் கணப்பு அடுப்புகள் இருக்கின்றன, கோபுரங்களில் நீர் ஓட்டத்தோடு கழிப்பறைகள் இருக்கின்றன, மழைநீரைப் பிடித்துவைக்க ஏற்பாடு இருக்கிறது. இவ்வளவு யோசித்துக் கட்டியவர் இங்கே வசதியாகத் தங்க விரும்பியிருக்கிறார். சுற்றிலும் அந்தக் காலத்தில் வேட்டைக் காடு.

அவரைப் பற்றி எனக்குள்ள மரியாதை முழுவதும் அவர் எழுதிய ஒரு நூலால் வந்தது. வல்லூறுகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றி ஆறு பகுதிகளில், லத்தீனில் எழுதினார். அவருடைய மகன் மன்ஃபிரெட் தயாரித்த ஓவியப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பறவைகள் எப்படிக் கூடு கட்டுகின்றன, எந்த இறகு எப்போது உதிர்கிறது, எப்போது வலசை போகின்றன என்று பக்கம் பக்கமாகப் போகிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவதே நோக்கம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அரிஸ்டாட்டில் பறவை வேட்டையாடியவர் அல்லர், ஆகவே சில இடங்களில் அவரைப் பின்பற்ற முடியாது என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

பிணந்தின்னிக் கழுகு இரையை மோப்பத்தால் அறிகிறதா, பார்வையாலா? கண்களை மூடித் தைத்து, மூக்கைத் திறந்துவிட்டு, முன்னால் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார். கழுகுக்குத் தெரியவில்லை. வடகடலில் ஒருவகை வாத்து மரக்கட்டையிலிருந்து பிறக்கிறது என்று ஐரோப்பா நம்பியது. அந்தக் கட்டைகளை வரவழைத்துப் பார்த்து, அதில் பறவை எதுவும் இல்லை, இவை கூடு கட்டுமிடம் தொலைவில் இருப்பதால் கட்டிய கதை என்று எழுதினார். முட்டையை வெயிலில் பொரிக்கவைக்க முடியுமா என்று எகிப்திலிருந்து ஆட்களை வரவழைத்து தென்கிழக்கு இத்தாலியின் இந்த அபூலியா மண்ணில் சோதித்தார். கணிதர் ஃபிபனாச்சி, இந்திய எண்களை ஐரோப்பாவுக்கு விளக்கியவர், 1225இல் தன் நூலொன்றை இவருக்குத்தான் படைத்தார். இவரது அரசவை அறிஞர்கள் கொடுத்த புதிர்களிலிருந்து பிறந்த நூல் அது.

மேல்தளத்து ஜன்னல் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றை யோசித்தேன். வல்லூற்றைப் பழக்குவதற்கு இந்த நூல் சொல்லும் முறை இது: பிடித்து வந்ததும் இமைகளை நூலால் தைத்துவிடு. இருட்டில், ஒரே மனிதனின் கையில், ஒரே குரலைக் கேட்டு, அவன் ஊட்டுவதை மட்டும் தின்ன அது பழகட்டும். பிறகு தையலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. அடிக்காதே, பொறுமையாக இரு. அவ்வளவு அன்பாகவும் அவ்வளவு கொடுமையாகவும் எழுதப்பட்ட பக்கங்கள்.

வெள்ளி, ஆந்த்ரியா, மாலையில் ஃபோஜ்ஜா

ஆந்த்ரியா பேராலயத்தின் நிலவறையில் பிரெடரிக்கின் மனைவியர் இருவரை அடக்கம் செய்தார்கள். ஒருவர் இங்கிலாந்து மன்னரின் தங்கை இசபெல்லா. இன்னொருவர் யோலாந்தா. ஜெருசலேம் அரசுக்கு வாரிசான சிறுமி. 1225இல் பிரிண்டிசியில் திருமணம் நடந்தது. நடந்த கையோடு பிரெடரிக், அதுவரை ஜெருசலேம் மன்னர் என்ற பட்டத்தை வைத்திருந்த மாமனாரிடமிருந்து அதைப் பறித்துத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1228இல் யோலாந்தா ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு, சில நாள்களில் இறந்துபோனார். பதினாறு வயது. நிலவறை குளிர்ந்து, சுவர்கள் வெறுமையாக இருந்தன. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அதே ஆண்டு கோடையில் பிரெடரிக் சிலுவைப் போருக்குக் கப்பலேறினார். முந்தைய ஆண்டே கிளம்பி, நோய் கண்டு திரும்பியதால் போப் ஒன்பதாம் கிரெகரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்திருந்தார். விலக்கப்பட்டவர் சிலுவைப் போர் நடத்தலாமா என்று ஐரோப்பா கொந்தளித்தது. அவரோ எகிப்தின் சுல்தான் அல்-காமிலோடு கடிதம் பரிமாறிக்கொண்டிருந்தார். சுல்தானுக்குத் தன் சொந்தச் சகோதர வம்சத்தாரோடு சிக்கல், இவருக்குப் போப்போடு சிக்கல். 1229 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் ஆனது. ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் ஆகியவை கிறிஸ்தவர்களுக்கு. பாறைக் குவிமாடமும் அல்-அக்ஸா பள்ளிவாசலும் முஸ்லிம்களின் பொறுப்பிலேயே இருக்கும். பத்தாண்டுக்கு மேல் போர்நிறுத்தம். நகரத்துக்காக ஒரு சண்டையும் நடக்கவில்லை.

பிரெடரிக் ஜெருசலேமில் தங்கிய இரவில் பாங்கொலி எழவில்லை. விருந்தினரின் மனம் கோணக்கூடாது என்று நாப்லுஸ் நகரின் காஜி நிறுத்திவைத்திருந்தார். அதைக் கேட்கத்தானே இங்கே தங்கினேன் என்று பிரெடரிக் வருத்தப்பட்டதாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், சிவந்த உடல், வழுக்கை, மங்கிய பார்வை, அடிமைச் சந்தையில் இருநூறு திர்ஹம்கூடப் பெறமாட்டார் என்றும் எழுதிவைத்தார். பிரெடரிக்கின் சொந்தத் தரப்பு கொடுத்த பரிசு இன்னும் மோசம். ஜெருசலேமில் வழிபாட்டையே நிறுத்திவைத்தார்கள். ஆக்ரே துறைமுகத்தில் அவர் கப்பலேறப் போனபோது கசாப்புத் தெருக்காரர்கள் குடலையும் கழிவையும் அவர்மேல் எறிந்தார்கள். ஒரு துளி ரத்தமில்லாமல் கிடைத்த வெற்றியை எவரும் மன்னிக்கவில்லை.

பார்லெத்தா போய் ரயிலேறி ஃபோஜ்ஜா வந்து சேர்ந்தேன். அவருக்குப் பிடித்த அரண்மனை இங்கேதான் இருந்தது. மிஞ்சியிருப்பது ஒரு வளைவு. அருங்காட்சியகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஃபோஜ்ஜா அரசரின் இருப்பிடமாக, புகழ்பெற்ற பேரரசுத் தலைநகராக விளங்கப் பிரெடரிக் இதைக் கட்டச் சொன்னார் என்று 1223ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே கார்கள் நிறுத்தியிருக்கின்றன.

சனி, லுச்சேரா

ஃபோஜ்ஜாவிலிருந்து சிறு ரயிலில் இருபது நிமிடம். இந்தப் பயணத்தில் நான் மிகவும் வர விரும்பியதும் வரத் தயங்கியதும் இந்த ஊருக்குத்தான்.

சிசிலியின் முஸ்லிம்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீவை ஆண்டவர்கள், நார்மன்களின் கீழும் உழுது, நெய்து, கணக்கெழுதி வாழ்ந்தவர்கள். பிரெடரிக்கின் சிறுவயதுக் குழப்பத்தில் அவர்களுடைய நிலங்கள் பறிபோயின, மலைகளுக்குப் போய்க் கிளர்ந்தெழுந்தார்கள். 1220இல் பேரரசராகத் திரும்பியவர் அவர்களை அடக்கினார். தலைவர் இப்னு அப்பாத் 1222இல் பலெர்மோவில் கொல்லப்பட்டார். பிறகு ஊர் ஊராக மக்களைப் பெயர்த்துக் கப்பலேற்றி, கடல் கடந்து, இந்த அபூலியா சமவெளிக்கு நடத்தி வந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் இது பல தவணைகளாக நடந்தது. வந்து சேர்ந்தவர்கள் 15,000 முதல் 20,000 வரை இருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இங்கே அவர்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது, காஜி இருந்தார், தங்கள் சட்டப்படி வாழலாம். ஆயுதப் பட்டறைகள் இருந்தன. பேரரசரின் வேட்டைச் சிறுத்தைகளைப் பராமரித்தவர்கள் இவர்கள். அவருடைய வில்லாளர் படையும் இவர்களே. போப்பின் விலக்கு ஆணை இவர்களை அசைக்காது என்பது அவருக்குத் தெரியும். சுற்றிலும் கிறிஸ்தவ ஊர்கள், திரும்பிப் போகச் சொந்த ஊர் இல்லை, காப்பாற்ற ஒரே ஒரு மனிதர். ஆகவே அசைக்க முடியாத விசுவாசம். நேற்று முன்தினம் ஜன்னல் திண்ணையில் எனக்குள் உறுத்தியது இதுதான். வல்லூற்றுக்குச் செய்ததை அவர் மனிதர்களுக்கும் செய்தார். அதே பொறுமையோடு, அதே நுட்பத்தோடு.

இவரை மத நல்லிணக்கத்தின் முன்னோடி என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. 1235இல் ஃபுல்டா ஊர் யூதர்கள்மீது குழந்தைக் கொலைப் பழி விழுந்தபோது, யூத மதத்திலிருந்து மாறியவர்களை ஐரோப்பா முழுவதிலிருந்தும் வரவழைத்து விசாரித்து, மறு ஆண்டு பழி பொய் என்று அறிவித்தார். அது பெரிய செயல். அதே ஆவணத்தில் யூதர்களைத் தன் கருவூலத்தின் ஊழியர்கள் என்றும் குறித்தார். 1231இல் மெல்ஃபியில் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குற்றத்தைச் சோதிக்கும் பழக்கத்தை மூடத்தனம் என்று ஒழித்தார். அதே தொகுப்பு, திருச்சபைக்கு மாறாக நம்புகிறவர்களை உயிரோடு எரிக்கச் சொல்லித் தொடங்குகிறது. அவரிடம் இருந்தது தீராத அறிவு வேட்கை. மற்றவர் எப்படி வாழ்கிறார், எதை நம்புகிறார் என்று அறியத் துடித்தார். அவர்கள் தாங்களாக வாழட்டும் என்று விட அவருக்கு மனம் வரவில்லை.

கோட்டை மேட்டில் ஏறத்தாழ 900 மீட்டர் சுற்றளவுக்கு மதில் நிற்கிறது. அது பின்னால் ஆட்சிக்கு வந்த பிரெஞ்சு ஆஞ்சு வம்சத்தார் கட்டியது. உள்ளே ஒரு மூலையில் பிரெடரிக்கின் அரண்மனையின் சதுர அடித்தளம், அதன்மேல் புல். அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1300 ஆகஸ்டில் ஆஞ்சுவின் இரண்டாம் சார்லஸ் இந்தக் குடியேற்றத்தை அழித்தார். மக்களை அடிமைகளாக விற்றார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. ஊர்ச் சதுக்கத்தில் அதன் படிகளில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விற்கப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுக் கல்லையாவது காண்போம் என்று தெருத்தெருவாக நடந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

ஞாயிறு, கஸ்தெல் ஃபியோரெந்தினோ

பஸ் இல்லை. தோர்ரேமஜ்ஜோரேவிலிருந்து ஒருவர் தன் காரில் கொண்டுவந்து விட்டார். கோதுமை வயல்களுக்கு மேலே ஒரு நீண்ட மேடு, அகழாய்வில் வெளிப்பட்ட சுவர்கள், எட்டுப் பட்டை நினைவுத் தூண். 1250 டிசம்பர் 13 அன்று பிரெடரிக் இங்கே இறந்தார். 56 வயது நிரம்ப இரண்டு வாரமும் இல்லை. பூவின் பெயருள்ள ஊரில் சாவு என்று சோதிடம் சொன்னதால் ஃபிளாரன்ஸ் நகருக்கு அவர் போனதே இல்லையாம், கடைசியில் ஃபியோரெந்தினோவில் அகப்பட்டாராம். மரணத்துக்குப் பிறகு பின்னிய கதையாகத்தான் எனக்குப் படுகிறது. வெண்ணிற சிஸ்தேர்சியன் துறவி ஆடையில் இறந்தார். பலெர்மோ பேராயர் பெரார்டோ பாவமன்னிப்பு அளித்தார். போப்பின் ஆணைகளைக் கடந்து நாற்பது ஆண்டு அவரோடு நின்றவர் அந்தப் பேராயர்.

அப்படி நின்றவர்கள் கடைசியில் மிகச் சிலரே. மூத்த மகன் ஹென்றி கிளர்ச்சி செய்தார், தந்தை அவரை ஏழாண்டுச் சிறையில் வைத்தார், 1242இல் மகன் இறந்தார். 1245இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் போப் நான்காம் இன்னசென்ட் பிரெடரிக்கைப் பதவி நீக்கம் செய்வதாக அறிவித்தார். 1248இல் பார்மா முற்றுகையின்போது அவர் வேட்டைக்குப் போயிருந்த நாளில் எதிரிகள் பாசறையைக் கொள்ளையிட்டார்கள், மகுடமும் போயிற்று. மறு ஆண்டு, அவரது கடிதங்களையெல்லாம் எழுதிய வலக்கை பியெர் தெல்லா வின்யாவைத் துரோகி என்று பிடித்துக் கண்களைப் பறித்தார். பியெர் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தாந்தே பியெரை நரகத்தில் முள்மரமாக நிறுத்தி, நான் என் தலைவனுக்குத் துரோகம் செய்யவில்லை என்று பேசவைத்தார். பிரெடரிக்குக்கும் அதே நரகத்தில், நம்பிக்கை மறுத்தவர்களின் எரியும் கல்லறைகளில் இடம் கொடுத்தார்.

குழந்தைகளிடம் யாரும் பேசாமல் வளர்த்து ஆதி மொழியைக் கண்டறிய முயன்றார், சாகும் மனிதனைப் பீப்பாயில் அடைத்து ஆன்மா வெளியேறுகிறதா என்று பார்த்தார் என்ற கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எழுதியவர் சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி. பிரெடரிக்கை வெறுத்த தரப்பைச் சேர்ந்தவர், எழுதியதும் பல ஆண்டுகளுக்குப் பிறகு. நான் நம்பவில்லை. லுச்சேராவைப் பார்த்தபின் அந்தக் கதைகள் தேவையும் படவில்லை.

திங்கள், நேப்பிள்ஸ்

1224இல் அவர் நிறுவிய பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரோடு இயங்குகிறது. திருச்சபையோ மாணவர் சங்கமோ அல்லாமல், அரசே ஆணையிட்டு உருவாக்கிய கல்விக்கூடம். தன் அதிகாரிகளைத் தானே பயிற்ற வேண்டும் என்பது நோக்கம். குடிமக்கள் வேறெங்கும் போய்ப் படிக்கக் கூடாது என்றும் தடைபோட்டார். இங்கேயும் அதே மனம்தான், ஆனால் இந்த முறை விளைவு அவர் கையை மீறிப் போய்விட்டது. அவர் பயிற்ற விரும்பியது குமாஸ்தாக்களை. இங்கே படித்தவர்களில் ஒருவர் தாமஸ் அக்வினாஸ். பட்டம் பெற்ற இளைஞர்கள் லாரல் இலை மகுடம் சூடி நண்பர்களோடு கூச்சலிட்டபடி வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல் மெர்காத்தோ சதுக்கத்துக்குப் போனேன். 1268 அக்டோபர் 29 அன்று அவருடைய பேரன் கொன்ராதினைச் சந்தைவெளியில் வைத்து ஆஞ்சுவின் முதலாம் சார்லஸ் தலையை வெட்டச் செய்தார். பதினாறு வயது. ஆந்த்ரியா நிலவறையில் அடக்கமான யோலாந்தாவுக்கும் அவன் பேரன். அரியணைக்கு உரிமையுள்ள ஆண் வழி அதோடு முடிந்தது. பக்கத்திலுள்ள கார்மினே ஆலயத்தில் அவனுக்குப் பளிங்குச் சிலை இருக்கிறது.

அங்கிருந்து நேப்பிள்ஸ் அரண்மனைக்கு வந்தேன். அதன் முகப்பில் நேப்பிள்ஸை ஆண்ட எட்டு மன்னர்களின் சிலைகளை 1888இல் கால வரிசைப்படி வைத்தார்கள். முதலில் ரோஜர், இரண்டாவது பிரெடரிக். மூன்றாவது, பேரனைக் கொன்ற அந்தச் சார்லஸ். எட்டுப் பேரையும் ஒரே சட்டகத்தில் படமெடுக்க அரண்மனைக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் மறுகோடிக்கே போக வேண்டியிருந்தது.

நாளை காலை போலோன்யாவுக்கு ரயில். பிரெடரிக்கின் இன்னொரு மகன் என்ட்ஸோ 1249இல் போரில் பிடிபட்டு, சாகும்வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையிருந்த மாளிகை அந்த நகரின் நடுச் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து எழுதுகிறேன்.